கடைசி கிராம சபையில் என் கையெழுத்து

என் சகலைமேல் எனக்குப் பொறாமை பிடித்த நாளும் நேரமும் நோட்டில் இருக்கிறது. ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால். அவர் பின்லாந்து போய்த் திரும்பிய மூன்றாம் நாள். பொறாமை என்ற சொல்லை அன்று நான் எழுதவில்லை. ‘சகலை வந்திருந்தார். போனில் படம் காட்டினார். மதியம் சாப்பாடு இறங்கவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். அக்காளும் தங்கையும் ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள். தருமபுரி டவுனுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு ஏரியும் இரண்டு கல்யாண மண்டபங்களும் ஒரு பெட்ரோல் பங்கும் இருக்கின்றன. சகலை என்னைவிட ஆறு வயது இளையவர். தக்காளி போடுகிறவர். கிணறு, டிராக்டர், மாடி வீடு எல்லாம் அவருக்கு உண்டு. அவற்றைப் பார்த்து நான் ஒருநாளும் வயிறெரிந்ததில்லை. அவர் மகள் கம்ப்யூட்டர் வேலைக்காகப் பின்லாந்து போனாள். அவர் மூன்று மாதம் அவள் வீட்டில் இருந்துவிட்டு வந்தார். அதுவும் சந்தோஷம்தான். அந்த ஒரு படத்தை அவர் காட்டாமல் இருந்திருக்கலாம்.

மகள் குடியிருக்கும் இடம் ஒரு காலத்தில் தனி ஊராட்சியாக இருந்ததாம். காடு, ஏரி, உருளைக்கிழங்குத் தோட்டம், நடுவில் ஒரு மாதா கோயில். பக்கத்து நகரம் பெருத்துக்கொண்டே வந்து ஒரு நாள் அதைச் சேர்த்துக்கொண்டது. பழைய ஊராட்சி அலுவலகம் இப்போது நூலகம். அந்த நூலகத்தின் சுவரில் மாட்டியிருந்த ஒரு புகைப்படத்தைத்தான் சகலை போனில் பிடித்து வந்திருந்தார். ஊராட்சியின் கடைசிக் கூட்டம் முடிந்ததும் எடுத்தது. ஆணும் பெண்ணுமாக இரண்டு வரிசை. முன்வரிசையில் ஓரத்து நாற்காலியில் ஒருவர் மடியில் கனமான புத்தகத்தை வைத்துக்கொண்டு, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். கீழே அச்சடித்த ஒரு வரி. அந்த வரியின்மேல் போன் வெளிச்சம் பட்டு வெள்ளையாக எரிந்திருந்தது. சட்டத்தின் கண்ணாடியில் கம்பளிக் குல்லா போட்ட சகலையின் முகம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

“கீழ என்னா சகல எழுதியிருக்குது?”

“பேருங்கதாண்ணா. தேதி போட்டிருந்தாங்க.”

“என்ன தேதி?”

“அதெல்லாம் யாருண்ணா பாத்தா? வெளிச்சம் அடிச்சிடுச்சு பாருங்க.”

“வருசமாவது ஞாபகம் இருக்குதா?”

“இருக்கும், ஒரு பத்து, பதினஞ்சு, இருவது.”

பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்து ஐந்தாம் வகுப்பு முடித்துவிடும். மனைவி காபி கொண்டுவந்தாள். சகலை பையிலிருந்து கருப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். அந்த நாட்டில் எல்லோரும் தின்கிற மிட்டாயாம். வாயில் போட்டவள் சமையலறைக்கு ஓடிப் போய்த் துப்பினாள்.

“உப்புப் போட்ட தாரு மாதிரி இருக்குது. இதத் தின்னவா ஏரோப்ளான்ல போனீங்க?”

“பழகிட்டா விடமாட்டீங்க அண்ணி” என்றார் சகலை. நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தினமும் காலையில் அலுவலகம் திறந்ததும் என் முதல் வேலை தேதி முத்திரையில் நேற்றைய எழுத்தைக் கழற்றி இன்றைய எழுத்தைப் பூட்டுவது. ஒரு வெள்ளைத் தாளில் அதை அழுத்திப் பார்த்து, சரியாக விழுந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் முதல் தபாலைத் தொடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் எழுந்ததும் கை தேதியைத் தேடியது. அதனால்தான் நோட்டு எழுத ஆரம்பித்தேன் என்று மனைவி சொல்வாள். அது தவறு. அதற்கும் முன்பே எழுதினேன். எங்கள் ஊராட்சியில் எந்தத் தெருவுக்கு எப்போது குழாய் வந்தது, மேல்நிலைத் தொட்டிக்கு யார் பூஜை போட்டது, எந்த மழையில் ஏரி நிரம்பிக் கோடி போனது எல்லாம் என்னிடம் இருக்கிறது. மாவட்ட விவரக் குறிப்புகள், கல்வெட்டுப் பட்டியல்கள், பழைய சர்வே அறிக்கைகள், கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். இந்த மாவட்டத்தில் வயலுக்கு வயல் நடுகல் நிற்கிறது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக்கூட எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊராட்சிக்கு என் நோட்டைத் தவிர எதுவும் கிடையாது.

கிராம சபை ஒன்றையும் நான் விட்டதில்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. பிறகு தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேர்ந்துகொண்டன. அரை மணி முன்னதாகவே போய்விடுவேன். வருகைப் பதிவேட்டில் வரிசை எண் ஒன்றுக்கு எதிரே என் கையெழுத்து இருக்கும், பக்கத்திலேயே தேதியும் இருக்கும். கையெழுத்துக்குத் தேதி வேண்டியதில்லை, பக்கத்தின் தலைப்பிலேயே இருக்கிறது என்று ஊராட்சிக் கிளார்க் அம்மா பலமுறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். தேதி இல்லாமல் கையெழுத்துப் போட என் கை வராது.

இப்படிப்பட்டவன் இங்கே இருக்க, தன் கல்யாண நாளையே மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனிதன், ஒரு ஊராட்சி தன் கடைசி நாளை எப்படிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறது என்பதை நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த இரண்டு மாதம் நான் அவரைக் குடைந்தேன். தக்காளிக்கு மருந்தடிக்கும்போது வரப்பில் நின்று கேட்டேன். டவுனுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. ஊர் எல்லையில் பழைய பெயர்ப் பலகை இன்னும் நிற்கிறதாம். அந்த ஊராட்சிக்கு ஒரு சின்னம் இருந்ததாம்; நீல நிறத்தில் ஒரு மீன், மேலே ஒரு மரம். விளக்குக் கம்பங்களில் அதை அப்படியே விட்டிருக்கிறார்களாம். கூட்டத் தீர்மானப் புத்தகங்கள் அந்த நூலகத்தில் ஒரு மேசைமேல் வரிசையாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் புரட்டலாமாம்.

“பொரட்டினியா?”

“எதுக்குண்ணா? அந்த பாஷ நமக்கென்ன தெரியும்?”

“தேதி நம்பர்லதான சகல இருக்கும்?”

“இருக்கும். நான் ஜன்னல் பக்கம் உக்காந்துட்டன். அந்தாண்ட ஏரி. ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்குதுண்ணா. தூங்கறதுக்கே ஒரு மாதிரியா இருக்குது.”

ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்ட சாயங்காலம், அவர் வீட்டு வாசலில் நின்றபடி பெரிய விஷயத்தைச் சாதாரணமாகச் சொன்னார். படத்தில் ஓரத்து நாற்காலியில் பேனாவோடு இருப்பவரை அவருக்குத் தெரியுமாம். மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நூலகத்துக்குத் தினமும் வருவார். இரண்டு முறை சகலையோடு காபி குடித்திருக்கிறார்.

“அவருதாண்ணா அந்தப் பொஸ்தகத்துல கடேசியா கையெழுத்துப் போட்டவரு. அவருக்கப்புறம் அந்த ஊர்ல யாரும் போடல, ஊரே முடிஞ்சு போச்சு. அதச் சொல்றப்ப அவரு மொகத்தப் பாக்கணுமே.”

“எப்படி இருந்துச்சு?”

“கலெக்டரு மாதிரி.”

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். ஒரு வரியும் ஓடவில்லை. ஒரு ஊராட்சிக்குக் கடைசிக் கையெழுத்துப் போட்டவரோடு என் சகலை காபி குடித்திருக்கிறார். குடித்துவிட்டு இரண்டு மாதம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார், ஞாபகம் வரவில்லை என்பதற்காக.

“அவரு போய்ப் பாத்துட்டு வந்தாரு. நீங்க வூட்லயே உக்காந்துகிட்டுப் பொசுங்கறீங்க” என்றாள் மனைவி.

“நான் ஏன் பொசுங்கணும்?”

“அப்பறம் ஏன் நோட்ட மூடறப்ப டப்புனு மூடறீங்க?”

எங்கள் ஊராட்சியையும் டவுனோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு முந்தின வருடமே இருந்தது. கார்த்திகையில் அது உறுதியாயிற்று. தலைவரின் பதவிக் காலம் முடிந்திருந்ததால் தனி அலுவலரின் பொறுப்பில்தான் ஊராட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் முதலில் கொதித்தவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். டவுனோடு சேர்ந்தால் அந்த வேலை இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊராட்சியைச் சேர்க்கவில்லை; அங்கே வேலை தொடரும். கால்வாயின் அகலம் மாடு தாண்டும் அளவுதான். அதுவரை அந்தப் பக்கத்து ஊரைப் ‘பட்டிக்காடு’ என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்கள், துணி துவைக்கும்போது அந்தப் பக்கத்துப் பெண்களைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். எனக்கு நன்றாகப் பழகிய பார்வை அது.

குடியரசு தினத்து கிராம சபைதான் எங்கள் ஊராட்சிக்குக் கடைசி என்று கிளார்க் அம்மா சொன்னார். அதைக் கேட்ட அந்த இடத்திலேயே, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்றபடியே நான் முடிவு செய்துவிட்டேன். இதுவரை முதல் கையெழுத்துப் போட்டு வந்தவன், இந்த முறை கடைசியாகப் போடுவேன். எனக்குக் கீழே ஒரு கோடுதான் இருக்க வேண்டும். பின்லாந்தில் அந்த மனிதருக்கு இருப்பது எனக்கும் வந்துவிடும். அவர் இன்னொருவர் எடுத்த படத்தில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் என் நோட்டிலும் எழுதி வைப்பேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. சொன்னால் சகலை காதுக்குப் போய்விடும். போனால் அவர் விளையாட்டாகவே எனக்குப் பின்னால் ஒரு கையெழுத்தைப் போட்டுவிடுவார் என்று பயந்தேன்.

அன்று திங்கட்கிழமை. தை மாதப் பனி ஏரிமேல் ஒன்பது மணி வரை கிடந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் சாமியானாவின் கீழ் நாற்காலிகள் போட்டார்கள். கூட்டம் பதினொரு மணிக்கு. பத்தரைக்குப் போனேன். சட்டைப் பையில் புதிய ரீபிள் போட்ட பேனா இருந்தது.

கிளார்க் அம்மா பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

“வாங்க சார். நீங்க தொடங்கி வெச்சாதான் எனக்கு நிம்மதி.”

“நான் அப்பறமா போடறம்மா. மத்தவங்க போடட்டும்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஒடம்புக்கு எதாச்சும் சரியில்லீங்களா?”

“நல்லாத்தான் இருக்கறன்.”

வேப்பமரத்தடியில், பதிவேடு நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். இருபது அடி இருக்கும். எழுத்து தெரியாது, ஆனால் யார் குனிகிறார்கள் என்பது தெரியும். பத்து ஐம்பதுக்கு சகலை வந்தார். பின்லாந்தில் வாங்கிய கருநீலக் கோட்டு. பதினொரு மணி வெயிலில் கோட்டு. நேரே மேசைக்குப் போனார். கிளார்க் அம்மா ஏதோ சொன்னார். சகலை என் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். அவர்தான் முதலில் குனிந்தவர். ஒரு கிராம சபைக்கும் வராத மனிதர், கடைசிச் சபையில் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நானே விட்டுக் கொடுத்த இடம்தான். ஆனாலும் நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டதுபோல் இருந்தது. போகட்டும், கடைசி இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் தொடங்கியது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தை மேற்பார்க்கும் பற்றாளராக வந்தவர் இளைஞர். மதியம் நல்லம்பள்ளிப் பக்கம் இன்னொரு கூட்டம் இருப்பதால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சகலை போய் அவர் கையில் ஒரு கருப்பு மிட்டாயை வைத்தார். வாயில் போட்ட பற்றாளர் அடுத்த பத்து நிமிடம் தீர்மானங்களை வாசிக்க முடியாமல் தவித்தார். துப்ப இடமும் இல்லை.

“வேல இல்லன்னு சொல்றதுக்கு எதுக்குங்க கூட்டம்?” என்று முன்னால் இருந்த ஒரு பெண் கேட்டாள்.

“ஆர்டர்தாம்மா. நான் என்ன பண்றது?”

“அப்ப கால்வாய்க்கு அந்தாண்ட எங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வூடு கட்டிக் குடுங்க. நாங்க போயிடறோம்.”

சிரிப்பு எழுந்தது. பிறகு உண்மையாகவே சத்தம் வந்தது. நூறு நாள் வேலையைத் தொடர வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதச் சொன்னார்கள், எழுதினார்கள். அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் நான் அப்போதைக்கப்போது குறித்திருக்க வேண்டும். அன்றைய என் நோட்டில் தீர்மானங்களைப் பற்றி நான்கு வரிதான் இருக்கிறது. என் கண் முழுவதும் பதிவேட்டில் இருந்தது.

பதிவேடு கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் ஓய்ந்து, அது மேசைக்குத் திரும்பி, ஆட்கள் கலையும்போது எழுந்து போனேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா மைப் பட்டையில் பெருவிரலை அழுத்திக்கொண்டிருந்தார். ஒதுங்கி நின்றேன். அவர் முடித்ததும் ரேஷன் கடையிலிருந்து பையோடு இருவர் வந்தார்கள்.

“போஸ்ட்மாஸ்டரே, நீங்க போடுங்க.”

“இல்ல இல்ல, நீங்க போடுங்க. எனக்கு அவசரமில்ல.”

அவர்கள் போட்டார்கள். பிறகு டிராக்டர் ஓட்டுகிறவர் ஒருவர். அவருக்கும் வழிவிட்டேன். ஐந்தாறு பேருக்கு அப்படி வழிவிட்டிருப்பேன். என் மரியாதையை நினைத்து ஊரே ஆச்சரியப்பட்டிருக்கும்.

மேசையைச் சுற்றி ஆள் இல்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். அப்போதுதான் பின்னாலிருந்து சகலையின் குரல் வந்தது.

“அண்ணா, எல்லாரும் போறாங்க. அந்த ஊர்ல எடுத்தாப்பல ஒரு போட்டோ எடுத்துடலாம். நீங்க சொன்னாத்தான் நிப்பாங்க, வாங்க!”

அந்தப் படம். ஆவணியிலிருந்து என் கண்ணுக்குள் நிற்கிற படம். நான் திரும்பிவிட்டேன். பெஞ்சை இழுத்துப் போடச் சொன்னேன். உயரமானவர்களைப் பின்னால் நிறுத்தினேன். நடுவில் முன்னாள் தலைவி, அவருக்கு இரண்டு பக்கமும் பழைய வார்டு உறுப்பினர்கள், எந்தெந்தத் தேர்தலில் வந்தவர்கள் என்ற வரிசைப்படி. யாருக்கும் அந்த வரிசை ஞாபகம் இல்லை, எனக்கு இருந்தது. இரண்டு முறை கலைத்து அடுக்கினேன். கடைசியில் முன்வரிசையின் ஓரத்து நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். கையில் பேனா திறந்தபடியே இருந்தது. சகலை போனைத் தூக்கிப் பிடித்தார்.

“அண்ணா, கொஞ்சம் சிரிங்க.”

“அந்த ஊர்ல யாரும் சிரிக்கல.”

எழுந்து மேசைக்குப் போனபோது மணி பன்னிரண்டு இருபது. மேசைமேல் மைப் பட்டை மட்டும் இருந்தது. பற்றாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, அவசரம் என்று கிளம்பியிருந்தார். கிளார்க் அம்மாவும் பதிவேட்டை பீரோவில் பூட்டிவிட்டு அவரோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விட்டார். சாமியானாக்காரர்கள் கம்பை உருவிக்கொண்டிருந்தார்கள். பேனாவை மூடிப் பையில் செருகினேன். அத்தனை கிராம சபைகளிலும் இருந்த என் பெயர், ஊராட்சியின் கடைசிச் சபையில் இல்லை.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் எதுவும் எழுதவில்லை. புதன்கிழமை காலை, அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு, பதிவேட்டை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று கிளார்க் அம்மாவிடம் போய்க் கேட்டேன். ஒப்படைப்பதற்காக எல்லாப் புத்தகங்களையும் மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். யாரிடம் ஒப்படைப்பது என்ற உத்தரவு இன்னும் வரவில்லையாம்.

பதிவேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் டிராக்டர் ஓட்டுகிறவரின் பெயர், அதன்கீழ் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, முத்திரை. பக்கங்களைப் பின்னால் தள்ளி முதல் பக்கத்துக்கு வந்தேன். வரிசை எண் இரண்டுக்கு எதிரே சகலையின் கையெழுத்து, கோழி கிளறியதுபோல. வரிசை எண் ஒன்றுக்கு எதிரே எதுவும் இல்லை.

“அது உங்களுக்குன்னு விட்டு வெச்சது சார்” என்றார் கிளார்க் அம்மா. “மொதல்ல வந்தவரு உங்க சகலதான். ஒன்னுல போடுங்கன்னு சொன்னன். ‘அய்யோ, அது எங்கண்ணன் எடம்மா, அதத் தொட்டா என்னை நோட்டுல எழுதிப்புடுவாரு’ன்னாரு. ரெண்டுலதான் போட்டாரு.”

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. கூட்டம் முடியும் வரை அந்தச் சிரிப்பை வைத்து நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவரைத் திட்டவும் வழியில்லை. ஏரோப்ளானில் போனார், படத்தைப் பார்த்தார், காபி குடித்தார். போதாதென்று நல்லவராகவும் இருக்கிறார். அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

“அன்னிக்கு அவசரத்துல கவனிக்கலீங்க” என்றார் கிளார்க் அம்மா. “இப்பக்கூட ஒன்னும் கெட்டுப் போவல. இந்தாங்க பேனா. போட்டுடுங்க.”

நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரே கையெழுத்து, பதிவேட்டில் முதலாவது, காலத்தில் கடைசி. எல்லோரும் போட்டு முடித்து, கோடு கிழித்து, முத்திரையும் விழுந்த பிறகு போடுகிற கையெழுத்து. பின்லாந்துக்காரருக்குக்கூட இது வாய்க்கவில்லை. பேனாவை வாங்கினேன். குனிந்தேன். என் பெயரின் முதல் எழுத்துக்கு முனையை வைக்கப் போகும்போது அவர் சொன்னார்:

“தேதி மட்டும் போட்டுடாதீங்க சார். இன்னிக்குத் தேதி விழுந்துச்சுன்னா ஆடிட்டுல நான் மாட்டிக்குவன்.”

“போட்டா இன்னிக்குத் தேதிதான் போடணும்.”

“அதான் சார், வேண்டான்றன். வெறும் கையெழுத்து போதும். அன்னிக்குப் போட்ட மாதிரி இருக்கட்டும்.”

அஞ்சலகத்தில் இருந்தபோது நேற்றைய தேதியில் முத்திரை குத்தித் தரச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், கெடு தவறியவர்கள், ஒருமுறை என் சொந்தத் தம்பியே வந்தான். ஒருவருக்கும் நான் செய்யவில்லை. அந்த அம்மாவை மாட்டிவிடவும் முடியாது. இரண்டு நிமிடம் அப்படியே குனிந்து நின்றிருப்பேன். அந்தக் காலிக் கட்டம் என் பெயருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. பிறகு பேனாவைப் பதிவேட்டின் நடுவில் வைத்து மூடினேன்.

“ஏன் சார்?”

“இருக்கட்டும்மா. காலியாவே இருக்கட்டும்.”

அன்று நோட்டில் எழுதினேன்: ‘கடைசி கிராம சபையில் நான் இருந்தேன். கையெழுத்துப் போடவில்லை.’ தேதி, கிழமை, நேரம்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை சகலை வந்தார். புத்தகங்களைப் பற்றிய உத்தரவு அப்போதும் வந்திருக்கவில்லை. கையில் தக்காளிப் பை. மனைவியிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணா, ஒரு விசயம். நாம எடுத்த போட்டோவ பின்லாந்துல இருக்கற பாப்பாவுக்கு அனுப்பிச்சன் இல்ல? அவ அத பெருசாப் போட்டு அந்த லைப்ரரிக்கு எடுத்துட்டுப் போயிருக்கறா. அந்தப் பேனாக்காரரு பாத்துட்டு ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தாராம். உங்களக் காட்டி, ‘இவரு யாரு, கையில பேனா இருக்குது’ன்னு கேட்டாராம்.”

“அதுக்கு?”

“அவ எனக்குப் போன் போட்டுக் கேட்டா. இவருதான் எங்க ஊர்ல கடேசிக் கையெழுத்து, எங்க பெரியப்பான்னு சொல்லுன்னுட்டன். சொல்லிட்டா.”

“நான்தான்னு உனக்கு யாரு சொன்னது?”

“பின்ன? படத்துலயே தெரியுதே. மொத எடத்த விட்டுட்டு, பேனாவத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கடேசி வரைக்கும் நின்னீங்க. நீங்க போடாம வேற யாருண்ணா போடுவா?”

சமையலறையில் மனைவி தக்காளியைப் பிரித்துக் கொட்டும் சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“அவரு என்ன சொன்னாராம்?” என்று கேட்டேன்.

“அந்தப் படத்த அவரோட படத்துக்குப் பக்கத்துலயே மாட்டச் சொல்லிட்டாராம். கீழ ஒரு வரி எழுதணுமாம், என்ன எழுதறதுன்னு பாப்பா கேக்கறா.”

அந்தச் சுவரை நான் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. அடுத்த கோடையில் சகலை மறுபடியும் போகிறார். அதன் முன்னால் நின்று பார்ப்பார், போனில் படம் பிடிப்பார், வெளிச்சம் அடித்துவிடும். எழுந்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். ஊர்ப் பெயர், மாவட்டம், படத்தில் இருப்பவர்கள் இடமிருந்து வலமாக, கிழமை, தேதி, நேரம் பன்னிரண்டு பத்து. ஒரு எழுத்தும் பிழையில்லாமல் எழுதினேன். ஓரத்து நாற்காலிக்கு வந்ததும் என் பெயரை மட்டும் எழுதி நிறுத்தினேன். கடைசிக் கையெழுத்து என்று எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை.

சகலை தாளை வாங்கி, படிக்காமலே நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.